இடைவேளைக்குப் பிறகு நான் சொன்ன கதை

ஒரு படத்தில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, முழுப் படத்தையும் பார்த்ததாக முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் சொல்லித் திரிந்தவள் நான். சொன்னதோடு நின்றிருந்தாலாவது மரியாதை மிஞ்சியிருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை மெச்சி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு துணிச்சலான முடிவா என்று வியந்து வேறு வைத்தேன். அந்த முடிவு படத்தில் கிடையாது. என் மண்டையில் மட்டும்தான் உண்டு. மறுத்து ஒரு கடிதம்கூட வரவில்லை. என் பத்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எண்பதுகளின் கடைசியில், நாங்கள் மதுரையில் மகளிர் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது, காலைக் காட்சியாக ஓடியது. போஸ்டரில் நான்கு பெண்கள் ஒரே குடைக்குள் நனைந்துகொண்டு நிற்பார்கள். குடை இருந்தும் எப்படி அவ்வளவு நனைந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேல் மூலையில் வட்டத்துக்குள் அந்த ஒற்றை எழுத்து, பெரியவர்களுக்கு மட்டும் என்பதற்கானது. கதை இதுதான்: மெட்ராஸில் ஒரு மாடிப் போர்ஷனில் வேலைக்குப் போகும் நான்கு சிநேகிதிகள் குடியிருக்கிறார்கள். ஆண் வாடையே ஆகாத வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். யார் முதலில் காதலில் விழுகிறாளோ அவள் மற்ற மூவருக்கும் ஒரு வருடம் சமைத்துப் போட வேண்டும் என்று பந்தயம். சமையலுக்குப் பயந்து ஒவ்வொருத்தியும் தன் காதலனை ஒளித்து வைப்பாள். ஒருத்தன் கொசுவலைக்குள், ஒருத்தன் தண்ணீர்த் தொட்டிக்குள், ஒருத்தன் புடவை கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்த அத்தையாக. நாலாவது பெண் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட டைப்பிஸ்ட். அவளுக்கு மட்டும் யாரும் இல்லை.

எங்கள் ஹாஸ்டல் அறையிலும் நாங்கள் நான்கு பேர். எங்களிலும் ஒருத்தி கண்ணாடி போட்டிருந்தாள். பேரையூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண். கணக்குப் பாடம். பின்னாளில் ஊரே அவளை டீச்சர் என்று அழைத்தது, நானும் இங்கே அப்படியே அழைக்கிறேன். அவளிடம் ஓர் அபூர்வத் திறமை இருந்தது. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் வார்டன் பேர் வாசிப்பார். வாசிக்கும்போது நோட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். டீச்சர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான்கு குரல்களில் 'உள்ளேன் அம்மா' சொல்வாள். என் குரலை என்னைவிட நன்றாகச் சொல்வாள். ஆகவே நாலு பேரும் சேர்ந்து எங்கேயும் போக முடியாது, மூன்று பேர்தான் போகலாம், அவள் எப்போதும் தூணுக்குப் பின்னால். அதற்கு அவள் கேட்ட கூலி ஒன்றுதான். "வந்து கதை சொல்லணும். ஒரு சீன் விடக் கூடாது. பாட்டுக்கு மியூசிக்கோட சொல்லணும்." கதை சொல்வது என் பங்கு. வாயாலேயே வயலின் வாசிப்பேன், கையை ஆட்டுவேன், மழை சீன் என்றால் தலைமுடியைப் பிழிந்து காட்டுவேன். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள். பிற்பாடு எனக்கு வாய்த்த வாசகர்கள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அரையாண்டு விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை அது. மூன்று பேர் போனோம். முக்காடு மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பகுதியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இடைவேளை வரை சிரித்தோம். இடைவேளையில் விளக்குப் போட்டார்கள். நான் முறுக்கு வாங்கலாம் என்று வெளியே வந்தேன். கடையில் இரண்டு கையிலும் இரண்டு பஜ்ஜியோடு என் தாய்மாமா நின்றிருந்தார். வேலை விஷயமாகத் திருச்சி போயிருப்பதாக வீட்டில் நம்பப்பட்டவர். எங்கள் இருவர் கண்ணும் சந்தித்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று அந்தக் கணமே இருவரும் முடிவு செய்தோம். அவர் ஒரு வாசல் வழியாக ஓடினார், நான் இன்னொரு வாசல் வழியாக ஓடினேன். அவர் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. என் கல்யாணத்தில் மட்டும் வழக்கத்துக்கு மீறி மொய் செய்தார்.

பாதியில் ஹாஸ்டலுக்குத் திரும்ப முடியாது, அது வார்டன் பேர் வாசிக்கும் நேரம். டவுன் பஸ்ஸில் ஏறித் திருப்பரங்குன்றம் வரை போய், இறங்காமலேயே திரும்பி வந்தேன். மற்ற இருவரும் படம் முடிந்து அப்படியே லீவுக்கு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அறையில் டீச்சர் மட்டும் காத்துக்கொண்டிருந்தாள். எனக்காகத் தூணுக்குப் பின்னால் நின்று மூன்று பேர் குரலை அதிகப்படியாகச் சொன்னவள். அவளிடம் போய், பாதிதான் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மேலும், உண்மையைச் சொல்ல வேண்டும், திரும்பி வரும் பஸ்ஸிலேயே மீதிக் கதை எனக்குத் தயாராகிவிட்டிருந்தது. அது நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு கர்வம்.

துணி காயப்போடும் மொட்டை மாடியில் உட்கார்ந்து சொன்னேன். கண்ணாடிக்காரப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை நல்லவன், அழகன், அரசாங்க வேலை. இவள் பலகாரத் தட்டோடு கூடத்துக்கு வருகிறாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தட்டைக் கீழே வைக்கிறாள். "உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல. எனக்கு என் கூட இருக்கிற மூணு பேரைப் பிடிச்சிருக்கு" என்கிறாள். சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுகிறாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தபேலா. மேலே மூன்று பேரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் தபேலாவை முடித்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் தாவணி முனையில் துடைத்தாள். "சினிமாவுல இப்படியெல்லாம் எடுக்குறாய்ங்களாடி?" என்று கேட்டாள். எடுக்கிறார்கள் என்றேன்.

அந்த லீவில், பத்தாம் நாளோ என்னவோ, பேரையூரில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

திரும்பி வந்து அதை அவள் சொன்ன விதத்தில் கொஞ்சமும் சோகம் இல்லை. "நம்ம கண்ணாடிக்காரி மாதிரியே வச்சேன்டி. கை நடுங்கி ரெண்டு அதிரசம் உருண்டு ஓடிருச்சு. எங்கப்பா அதிரசத்தைப் பாக்குறாரு, என்னையப் பாக்குறாரு." சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். வார்த்தைக்கு வார்த்தை என் வசனம். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முழுப் படத்தையும் பார்த்திருந்த மற்ற இருவரையும் கெஞ்சி, அவர்கள் வாயையும் மூடவைத்தேன். பெண் கேட்டு வருபவர்களிடம் அந்தப் பக்கத்து ஊர்களில், தட்டை வைத்த பிள்ளை என்று சொன்னாலே போதும், அப்படியே திரும்பிவிடுவார்கள் என்றாகிவிட்டது. அப்பா இரண்டு வருடம் பேசவில்லை. பேசியபோது, கல்யாணத்தைப் பற்றித் தவிர மற்றதை எல்லாம் பேசினாராம். அதன் பிறகு வந்து கேட்டவர்கள் ஒன்று இரண்டாம் தாரம், இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்றச் சொன்னவர்கள்.

அவள் யாரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தட்டை வைத்தாளோ அந்த மூன்று பேரில் முதலில் கழன்றுகொண்டவள் நான். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். டீச்சர்தான் மணமேடையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். வியர்வையை ஒற்றிவிட்டு, "உன் வீட்டுக்காரர் மூக்கு பக்கவாட்டுல நல்லாருக்கு, நேராப் பாக்காத" என்று காதில் சொன்னாள். நான் தாலி கட்டும் நேரத்தில் சிரித்துத் தொலைத்ததை இன்றும் என் மாமியார் வீட்டில் ஒரு குறையாகச் சொல்வார்கள். அடுத்த நான்கு வருடத்தில் மற்ற இருவரும் போனார்கள், ஒருத்தி ஷார்ஜாவுக்கு, ஒருத்தி கோயம்புத்தூருக்கு. மாடிக் கதவைத் திறந்துவைத்து நிற்க ஆள் இல்லை.

அவள் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று சொன்னால் அவளே எழுந்து வந்து என்னை உதைப்பாள். அரசுப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மதுரையில் சொந்தமாக வீடு கட்டினாள். ஸ்கூட்டரில் எங்கேயும் போய்வந்தாள். எனக்கு இரண்டு முறை பெண்கள் தனித்து வாழ்வதன் நன்மைகளை விளக்கி, என் வீட்டுக்காரர் குறட்டையோடு ஒப்பிட்டு, நிரூபித்தும் காட்டினாள். நானும் எனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறேன்: படிக்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு முன்னாலேயே இருந்தது, அப்பா சொன்னதைக் கேட்கும் ஆள் இல்லை அவள், என் கதை இல்லாவிட்டாலும் தட்டு கீழேதான் போயிருக்கும். வாதம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வசனம் என்னுடையது. பின்னாளில் நோய் கண்டு அவளை முதல் முறை மருத்துவமனையில் சேர்த்தபோது படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் சிநேகிதி என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "அது உறவு இல்லீங்க மேடம், அக்கான்னு போட்டுருங்க" என்றாள். அடித்துவிட்டு அக்கா என்று எழுதினேன். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லாப் போடு, அப்படியே வயசையும் பத்துக் கூட்டிப் போடு" என்றாள்.

நோய் ஒன்றரை வருடம் இழுத்தது. நான் சென்னையில் இருந்தேன். கடைசி மாதங்களில் அவள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். பேசினால் மூச்சு வாங்குகிறது என்று செய்தி மட்டும் அனுப்புவாள். ஒருநாள் ஒரு செய்தி வந்தது: 'நம்ம படம் இப்ப யூடியூப்ல கெடக்காம்டி. நீ வா. சேந்து பாப்போம். நான் அதப் பாக்காமலே போயிருவேன் போல.' படித்துவிட்டு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போவாள் என்பதற்கான அழுகை பாதி. மீதிப் பாதி, அவள் அந்தப் படத்தின் இரண்டாம் பாதியைப் பார்த்துவிடுவாள் என்பதற்கு. இப்படிப்பட்ட நேரத்திலும் தன் குட்டு உடைவதைப் பற்றிக் கவலைப்படுகிற ஜன்மம் எழுத்தாளர் ஜன்மம்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போகும்போது காலை பத்து மணி. கதவைத் திறந்தது அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெண், கொட்டாம்பட்டிக்காரி, நாற்பது வயதிருக்கும். "வாங்கக்கா. விடியக்கால எந்திரிச்சுப் பவுடர் போட்டு உக்காந்திருக்காக. படத்துக்குப் போறதுன்னா சும்மாவா?" என்றாள். டீச்சர் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒரு குழந்தையைப் போலச் சிறுத்துப் போயிருந்தாள். முகத்தில் கண்ணாடிதான் பெரிதாக இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "என்னடி, தலையில சாயம் போட்டுருக்கியா, இல்ல கரிச்சட்டியக் கவுத்திருக்கியா?" வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன், "நாலு பேரையும் ஒரு குடைக்குள்ள நிப்பாட்டுன போஸ்டர் ஞாபகம் இருக்கா?" என்றாள். நான் கேட்டதற்கு அவள் என்றைக்கு நேராகப் பதில் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டிவியில் படத்தைப் போட்டோம். சத்தத்தைக் கூட்டு, கூட்டு என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, வசனத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். படம் சாயம் போய், கோடு விழுந்து கிடந்தது. வெட்கத்தால் துப்பட்டாவுக்குள் நாங்கள் புதைந்துபோன காட்சிகளைவிட இன்றைய பற்பசை விளம்பரத்தில் விவகாரம் அதிகம். நகைச்சுவை என்று வைத்திருந்ததில் பாதி அசட்டுத்தனம், பாதி அசிங்கம். ஆனால் அன்று கவனிக்காத ஒன்றை இப்போது கவனித்தேன். காதலர்கள் இல்லாத நேரத்தில் அந்த நான்கு பெண்களும் என்ன செய்கிறார்கள் என்பதையும் அந்தப் படம் காட்டியது. ஒருத்தி தலையை இன்னொருத்தி மடியில் வைத்து எண்ணெய் தேய்க்கிறாள். ஒரே தட்டில் நான்கு கைகள் சோறு பிசைகின்றன. வேலை போனவளை மற்ற மூவரும் ஒன்றும் சொல்லாமல் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். கதைக்குத் தேவையில்லாத காட்சிகள். எடுத்தவருக்கு இவற்றின் அருமை தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் வெட்டியிருப்பார். புடவை கட்டின அத்தை வந்தபோது டீச்சர் விக்கல் எடுக்கும் அளவுக்குச் சிரித்தாள். கொட்டாம்பட்டிக்காரி தண்ணீர் கொடுத்து, மாத்திரை கொடுத்தாள். இடைவேளை என்று எழுத்து வரும்போது டீச்சர் தூங்கிப்போயிருந்தாள்.

இரண்டாம் பாதியை நான் தனியாகப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக. கண்ணாடிக்காரியைப் பெண் பார்க்க ஆள் வருகிறார்கள், அதுவரை என் ஊகம் சரியாக இருந்தது. மாப்பிள்ளை அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறான். கழற்றுகிறாள். உடனே அழகாகிவிடுகிறாள். கால் தடுக்கி அவன் மேலேயே விழுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரே பந்தலில் நான்கு கல்யாணம். வீட்டுக்காரர் ஆசீர்வதித்துவிட்டு மாடிப்படியில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகையை மாட்டுகிறார். அந்தப் பலகையின் மேல் வணக்கம் என்று எழுத்து வருகிறது. நகைச்சுவைப் படம். நான் டிவியை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நால்வரில் மூன்று பேர் படத்தில் இருந்தபடியே போயிருக்கிறோம். ஒருத்தி மட்டும் நான் சொன்ன படத்துக்குள் போய்விட்டாள்.

மூன்று மணி வாக்கில் கண் விழித்தாள். "முடிஞ்சிருச்சா? அடப்பாவமே. சரி, நீ சொல்லுடி. ஒரு சீன் விடாத. மியூசிக்கோட." தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தேன். ஐம்பத்தேழு வயதில் வாயால் வயலின் வாசித்தேன். மழைப் பாட்டுக்கு, சாயம் போட்ட தலையைப் பிழிந்து காட்டினேன். கொட்டாம்பட்டிக்காரி கதவோரம் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெண் பார்க்கும் காட்சி வந்தது. பலகாரத் தட்டைக் கையில் ஏந்தினேன். அங்கேயே நின்றுவிட்டேன். என் பொய்யை இன்னொரு முறை சொல்லி அவளை நிம்மதியாக அனுப்புவதா, உண்மையைச் சொல்லி என்னை நிம்மதியாக்கிக்கொள்வதா? இரண்டில் எது சுயநலம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தட்டைக் கீழே வைக்கிற பாவனையில் குனிந்தவள் நிமிரவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பாதிதான் பார்த்தேன், மீதி பஸ்ஸில் கட்டினது, அந்த வசனம் படத்தில் இல்லை, என் வாய்க்கொழுப்பு, அதை நம்பித்தானே நீ, நாங்கள் எல்லாம் எங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டோமே, என்னை மன்னித்துவிடு. மூக்கு ஒழுக, கையை அடித்து அடித்து அழுதேன். அவள் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்தபோது சிரித்தாள். எலும்பும் தோலுமான கையை நீட்டி என் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். "நல்லாருந்துச்சுடி" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் ஏறியபோது என் உடம்பில் பாரமே இல்லை. இத்தனை வருடக் குற்றத்தை இரண்டே தட்டில் கழுவிவிட்டாள், அவள் மனசு யாருக்கு வரும் என்று விழுப்புரம் வரை அழுதேன். விழுப்புரத்துக்கு அப்பால், மன்னிப்பைப் பற்றி ஒரு கட்டுரையைக்கூட மனத்துக்குள் எழுதி முடித்தேன். பதினெட்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியத்தன்று போனேன். பேரையூரிலிருந்து அவள் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லாம் முடிந்து, கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியிருந்த அறையில் கொட்டாம்பட்டிக்காரி தன் துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் சொன்னதற்கெல்லாம் டீச்சர் அப்புறம் ஏதாவது சொன்னாளா, வருத்தப்பட்டாளா என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. "அக்கா, இப்பச் சொன்னா தப்பில்லையில்ல? டீச்சருக்கு அந்தக் கடேசி ஊசிக்கப்புறம் ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு. இடி இடிச்சாத்தான் லேசாக் கேக்கும். உங்ககிட்டச் சொல்லிறாதன்னு என்கிட்ட அம்புட்டு சத்தியம் வாங்குனாக. தெரிஞ்சா நீங்க கதை சொல்லமாட்டீகளாம்."

நான் சுவரில் சாத்தியிருந்த கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தேற்ற நினைத்திருக்க வேண்டும், பையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனா ரொம்பச் சந்தோசமாத்தான்க்கா இருந்தாக. நீங்க கெளம்புனப்புறம் என்கிட்ட, 'பாத்தியா, கிளைமாக்ஸ எப்படி நடிச்சுக் காமிச்சா'ன்னு கேட்டாக. 'அழுகை மட்டும் கொஞ்சம் ஓவரு'ன்னாக."